காற்றில் விழாத மரம்

பதினாலு மாதம். ஒரு நாள் இரண்டு நாள் கதையில்லை, பதினாலு மாதம் றெஜினா அந்தக் காணிக்காக நகரசபைப் படி ஏறி இறங்கியிருக்கிறாள். நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து, பஸ்ஸில் ஏறி, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் படிவங்கள் நிரப்பியிருக்கிறாள். பஸ் குலுங்கினால் எழுத்தும் குலுங்கும். வீட்டுக்கு வந்து திரும்ப எழுதுவாள். அந்தோனியார் சபைக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் வேண்டும் என்று கூட்டத்தில் கைதட்டியவர்கள் எண்பது பேர். படிவம் நிரப்ப அகப்பட்டவள் அவள் ஒருத்தி. ஏனாம்? அவளுக்குப் பிரெஞ்சு எழுத வருமாம். பிரெஞ்சு என்ன, பிறக்கும்போதே அவளுடைய வாயில் ஊற்றி விட்டார்களா? ஆறு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாக வகுப்புக்குப் போய், நாக்குச் சுளுக்கிப் படித்தது. மற்றவர்கள் அந்த நேரம் குப்புறப்படுத்து நித்திரை கொண்டார்கள்.

சரி, அதை விடுவோம். அவளுக்கும் அந்த மண்டபம் வேண்டும்தான். மற்ற எவரையும்விட அவளுக்குத்தான் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பெப்ரவரியில், அவளுடைய தம்பி பற்றிக் போய்விட்டான். நாற்பத்தொரு வயது, மாரடைப்பு. அடக்கத்துக்கு வந்த சனத்துக்கு ஒரு வாய் சோறு கொடுக்க இடமில்லை. பங்குக் கோயில் பிரெஞ்சுக்காரருடையது. தமிழருக்கு ஞாயிறு மத்தியானப் பூசைக்கு மட்டும் இரவல். அன்றைக்குக் கீழ்மண்டபத்தில் யாருக்கோ கலியாணம். எழுபது பேர் மயானத்துக் கார் பார்க்கில், என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, காருக்குள் இருந்தபடி பார்சல் பிரித்துச் சாப்பிட்டார்கள். வெளியே மைனஸ் இருபது. தம்பியைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, றெஜினா கார் காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டிப் பார்சல் நீட்டினாள். அந்த அவமானம் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்றைக்கு ஒரு காரின் பின்சீட்டில் அல்போன்சம்மா இருந்தார். சபைத் தலைவர் பத்திநாதரின் அக்கா, எண்பது வயது, ஒளிவுமறைவில்லாத வாய். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு றெஜினாவின் கையைப் பிடித்தார். "பிள்ளை, என்ர சாப்பாட்டையெண்டாலும் ஒரு கூரைக்குக் கீழ குடுங்கோ. நான் உப்பிடிக் கார் பார்க்கில விருந்து குடுக்க மாட்டன்."

"ஓம் அன்ரி. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் றெஜினா. சொன்ன சொல்லுக்காகத்தான் பதினாலு மாதம்.

காணி கர்க்லாண்டுக்கும் அங்கால், நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனைப் பக்கம். முன்பாதி பற்றைக்காடு. பின்பாதி தாழ்ந்து, வருடம் முழுக்க ஈரம் காயாத சதுப்பு. நகரசபை எழுத்தில் சொன்னது இதுதான். முன்பாதியைத் துப்புரவாக்கலாம், ஆனால் நிலம் உறைந்திருக்கும் காலத்தில் மட்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை குருவிகள் கூடு கட்டும் காலம், ஒரு கொப்பும் முறிக்கக் கூடாது. பின்பாதியை எந்தக் காலத்திலும் தொடக் கூடாது. அதன் கரையில் நிற்கும் நாற்பத்தொரு மரங்களும் அப்படியே நிற்க வேண்டும்.

தொடக்கத்தில் றெஜினாவுக்கும் எரிச்சல்தான். மனுசருக்கு இருக்க இடமில்லை, தவளைக்குப் பத்திரம் எழுதுறாங்கள் என்று திட்டினவள்தான் அவள். ஆனால் மரங்களை எண்ண வந்த உயிரியல் படித்த பெட்டையோடு, ஆணிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் மூன்று நாள் நின்றாள். அந்தப் பெட்டை ஒவ்வொரு மரத்துக்கும் தலை உயரத்தில் ஓர் அலுமினியத் தகடு அடித்து, ஓர் ஒறேஞ் ரிபன் கட்டினாள். தகட்டில் இலக்கம். வசந்தத்தில் அந்தச் சதுப்பு எவ்வளவு பனித்தண்ணீரைக் குடிக்கிறது, அது இல்லாவிட்டால் மண்டபத்தின் நிலவறைக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று காட்டினாள். அதோடு றெஜினாவின் வாய் அடைத்துவிட்டது. பிழை என்றால் பிழை, சரி என்றால் சரி. அவள் அப்படிப்பட்ட ஆள்.

போன பெப்ரவரியில் அனுமதி பெற்ற ஆட்களை வைத்து முன்பாதியை வெட்டியாயிற்று. ஒரு மரம் கூடவில்லை, ஒரு மரம் குறையவில்லை. மிச்சம் ஒன்றே ஒன்று. ஜூன் ஒன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை, நகரசபை இன்ஸ்பெக்டர் மடாம் றுவா வந்து அந்த நாற்பத்தொரு மரங்களையும் பார்ப்பார். எல்லாம் நின்றால் கட்டட அனுமதி. செப்டம்பரில் அத்திவாரம், நத்தாருக்குள் கூரை. நிபந்தனைப் பத்திரத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் றெஜினாவின் கையெழுத்து. "நீயே போடு பிள்ளை, நீதானே அவையோட கதைக்கிறனீ" என்று பத்திநாதர் பேனையை நீட்டியிருந்தார்.

நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, பூசைக்குப் பிறகு மூன்று ஞாயிறு வாசித்தாள். வாசிக்கும்போது சனம் றோல்ஸ் சாப்பிட்டது. மூன்றாம் முறை பத்திநாதர் நடுவில் எழும்பி, "சரி சரி, எல்லாருக்கும் விளங்கிச்சு" என்று மைக்கை வாங்கி, யாத்திரை பஸ் எத்தனை மணிக்கு என்று அறிவித்தார். விளங்கிச்சாம்!

அந்த வருடம் அந்தோனியார் திருநாளைச் சொந்தக் காணியிலேயே கூடாரம் அடித்துக் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. நல்ல விஷயம், றெஜினாவுக்கும் சந்தோஷம்தான். கொடியேற்றத்துக்குப் பங்குக் கோயிலிலிருந்து ஓர் அலுமினியக் கம்பம் இரவல் கேட்டு ஒழுங்கு செய்திருந்தாள். ஜூன் நாலாம் திகதி பின்னேரம் கொடியேற்றம். அன்றைக்கென்று பார்த்து ஆஸ்பத்திரியில் ஒரு வார்ட் முழுக்கக் கிருமிநாசினி அடிக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் வந்து சேரும்போது கொடி ஏறி முடிந்து, சனம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

அவள் பாடவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

அலுமினியக் கம்பம் இல்லை. முப்பதடி உயரத்தில், வெள்ளைப் பெயின்ற் அடித்து, நீல ரிபன் சுற்றிய மரம். உச்சியில் அந்தோனியார் கொடி பறந்தது. காற்று வந்தபோது பச்சைப் பிசின் மணந்தது. அந்த மணம் அவளுக்குத் தெரியும். சதுப்புக் கரையில், குளிர்காலத்தில் ஊசியிலையெல்லாம் கொட்டிவிட்டு நேராக நிற்கும் மெலெஸ் மரம். கரையில் அந்தச் சாதியில் நின்றது ஐந்தே ஐந்து.

கிட்டப் போனாள். கும்பிடப் போகிறாள் என்று சனம் வழி விட்டது. பட்டையைக்கூட உரிக்காமல் பெயின்றை அப்பியிருந்தார்கள். அடி மண்ணுக்குள் ஆழ இறங்கியிருந்தது; இடுப்பு உயரத்தில் பெயின்றுக்குக் கீழ் சதுரமாக ஏதோ புடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். முதலில் இரண்டு தெரிந்தது. பிறகு மூன்று.

இருபத்துமூன்றாம் இலக்கம்.

"ஆர் வெட்டினது?"

பாட்டு நின்றது. சனம் ஒன்றையொன்று பார்த்தது. கடைசியில் யோசெப் முன்னுக்கு வந்தான். மன்னார் ஆள், நாற்பது வயது, தோட்டங்களில் மரம் கத்தரிக்கும் வேலை. சபையில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் வாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான், சல்லிக்காசு வாங்க மாட்டான்.

"நான்தான் அக்கா. நல்லா வந்திருக்கோ?"

"யோசெப், அதில ரிபன் கட்டியிருந்ததே! உனக்குக் கண் தெரியேல்லையோ?"

"ரிபன் கட்டியிருந்தபடியாத்தானே அக்கா வெட்டினனான்." அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "எங்கட ஊரில கொடிமரத்துக்குக் கோயில் மூப்பர்தான் மரம் தெரியிறவர். தெரிஞ்சு துணி கட்டிவிட்டுப் போவார். துணி கட்டின மரத்தைத்தான் நாங்கள் தறிப்பம், வேற மரத்தில கை வைக்க மாட்டம். பத்திநாதர் மாஸ்டர் பின்னுக்குப் போய் நேரான மரமொண்டு பார் எண்டவர். போய்ப் பாத்தா எல்லாத்திலயும் துணி. சரி, அவர் கன மரம் தெரிஞ்சு வைச்சிருக்கிறார், அதில நேரானதை எடுப்பம் எண்டு எடுத்தன்."

றெஜினாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவனை என்ன சொல்லி ஏசுவது? மூன்று ஞாயிறு வாசித்த நேரம் இவன் வெளியே சனத்தின் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்றவன்.

"அதில ஒரு கூடும் இருந்தது அக்கா" என்று யோசெப் இன்னும் மெதுவாகச் சொன்னான். "நீல முட்டை மூண்டு. நான் எறியேல்லை. பக்கத்து மரக் கவட்டில பக்குவமா வைச்சிருக்கிறன்."

அவள் சேற்றுக்குள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். கூடு பக்குவமாகத்தான் இருந்தது. முட்டை குளிர்ந்துபோய் இருந்தது. தாய்க்குருவியைக் காணவில்லை. பக்கத்தில், தரையோடு தரையாக, வாள் வைத்து அறுத்த அடிக்கட்டை மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது.

திரும்பி வந்தபோது அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியிருந்தது. பத்திநாதர் கூடாரத்தின் முன்வரிசையில், கோட்டும் ரையுமாக இருந்தார். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். எல்லாருக்கும் இன்னும் மாஸ்டர்தான்.

"மாஸ்டர், நான் ஒழுங்குபண்ணின கம்பம் எங்க?"

"அந்தக் கண்டறியாத தகரக் கம்பமோ? அந்தோனியாருக்குக் கொடியேத்த பஸ் ஸ்டொப் கம்பமே? சொந்தக் காணியில முதல் திருநாள் பிள்ளை. சொந்த மரத்தில ஏத்த வேணும்."

"அது சொந்த மரமில்லை. அது இருபத்துமூண்டாம் இலக்கம். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வாறா, ஒவ்வொரு மரமா எண்ணப் போறா. இதை இப்பவே இறக்குங்கோ. நான் நாளைக்கே ரெலிபோன் எடுத்து நடந்ததைச் சொல்லுறன்."

"கொடியை இறக்கிறதோ?" பத்திநாதர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அவர்களும் பதறிப்போய்த் தலையை ஆட்டினார்கள். "ஏத்தின கொடியைத் திருநாள் முடிய முதல் இறக்கிறதோ? உனக்கென்ன விசரே? பதின்மூண்டாந் திகதி பின்னேரம்தான் அது இறங்கும். இந்தப் பெரிய நாட்டில ஒரு மரம், பிள்ளை! பக்கத்துக் காணியில கொம்பனிக்காரன் காட்டையே வழிச்செடுத்தான். அவனை ஆர் கேட்டவை? நாங்கள் கடவுளுக்காக வெட்டினது."

"அப்ப பெர்மிற்றையும் கடவுளிட்டயே எடுத்திருக்கலாமே! என்னை ஏன் பதினாலு மாசம் அலைய விட்டனீங்கள்?"

அல்போன்சம்மா மட்டும் கதிரையில் இருந்தபடி, "தம்பி, அவள் சொல்லுறதைக் கேளடா" என்றார். தம்பி கேட்டால்தானே? பூசை வைக்க டவுன்டவுனிலிருந்து வந்த சுவாமியார், நிர்வாகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நிர்வாகம் பார்த்துக்கொண்டது. மறுநாள் பின்னேரம் நவநாள் செபம் முடிந்ததும் பத்திநாதர் அவளைக் கூப்பிட்டு ஒரு கடதாசி கொடுத்தார். அவருடைய மருமகன் கம்பியூட்டரில் அடித்த கடிதம், பிரெஞ்சு மாதிரி ஏதோ ஒரு பாஷை. மே முப்பதாம் திகதி வீசிய கடும் காற்றினால் இருபத்துமூன்றாம் இலக்க மரம் தானாகவே விழுந்தது; விழுந்த மரத்தை வீணாக்காமல் சமயத் தேவைக்குப் பயன்படுத்தினோம். கீழே பொறுப்பாளர் என்று போட்டு, றெஜினாவின் பெயர்.

"இதைத் திருத்தி எழுதிக் கையெழுத்து வை. அடிக்கட்டையை யோசெப் மண் போட்டு மூடுவான்."

"காத்து வாளெடுத்து அறுத்ததோ மாஸ்டர்? காத்துத்தான் பெயின்ற் அடிச்சதோ?"

"உனக்கு ஹோல் வேணுமோ வேண்டாமோ?"

அதுதான் அந்த மனுசனின் கெட்டித்தனம். மண்டபத்தைச் சொல்லிக் குத்தினால் நோகும் என்று அவருக்குத் தெரியும். றெஜினா கடதாசியை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அன்றிலிருந்து செவ்வாய் வரை அவளுடைய ஃபோன் ஓயவில்லை. எல்லாரும் நல்லதுக்குத்தானாம் சொன்னார்கள். ஒருத்தர் சமூகத்தை யோசி என்றார். இன்னொருத்தி, நாங்கள் அகதியா வந்த சனம், எங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் என்னத்துக்கு என்றாள். முப்பது வருடம் வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளை டொக்டராக்கின பிறகும், சட்டம் என்று வந்தால் மட்டும் அகதி! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டபத்துக்காக ஒரு படிவத்தின் ஒரு பக்கத்தையாவது இவர்களில் ஒருவர் நிரப்பியிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் றெனோல்ட் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல்காரன், சண்டை சச்சரவு பிடிக்காத மனுசன். "விடு றெஜி. ஒரு கையெழுத்துத்தானே" என்றான்.

"உங்கட குசினியில பழுதான இறைச்சியை நல்லது எண்டு எழுதித் தரச் சொன்னா எழுதிக் குடுப்பீங்களோ?"

றெனோல்ட் கோப்பையைக் கழுவப் போய்விட்டான். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டான். "உண்மையைச் சொன்னா ஹோல் போகும். பற்றிக்கின்ர நாளை மறந்திட்டியோ?"

மறந்தாளா! இரண்டு நாளாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதை மட்டும்தான். சொன்னபடி நகரசபைக்கு ரெலிபோன் எடுக்காமல் இருந்ததும் அதனால்தான். கையெழுத்து வைக்கலாம். மண்டபம் எழும்பும். அல்போன்சம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறும். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு முறையும், அது தன்னுடைய பொய்யின் மேல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பத்திநாதருக்குத் தெரிந்தும் உறைக்காது. அவளுக்கு உறைக்கும். செய்தது அவர், பொய் மட்டும் அவளுடைய பெயரிலா? என்ன நியாயம் இது?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மடாம் றுவா வந்தார். ஐம்பது வயதுப் பெண், றப்பர் பூட்ஸ், கையில் பட்டியல். வந்தவுடன் றெஜினாவின் கையைக் குலுக்கினார்.

"என் மேசைக்கு வந்ததிலேயே சுத்தமான கோப்பு உங்களுடையது" என்று பிரெஞ்சில் சொன்னார். "மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்."

றெஜினா கடிதம் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். அதை ஏன் இன்றைக்குச் சொன்னாய், மனுசி!

பத்திநாதர் கோட்டோடு வந்து, "பொன்ஜூர், மடாம்" என்றார். அவருடைய பிரெஞ்சு அதோடு முடிந்தது. நிர்வாகத்தார் ஐந்தாறு பேர் பின்னால் நின்றார்கள். யோசெப் வேலிக் கரையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். மண் போட்டு மூடச் சொன்னதை அவன் செய்யவில்லை. "என்னால ஏலாது மாஸ்டர்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டான்.

மடாம் றுவா சேற்றில் இறங்கித் தகடு தகடாகப் பார்த்துப் பட்டியலில் சரி போட்டார். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. பிறகு இருபத்துநாலுக்கு முன்னால் நின்றார். திரும்பி வந்தார். அடிக்கட்டையைப் பார்த்தார்.

"இருபத்துமூன்று எங்கே?"

பத்திநாதருக்குக் கேள்வி விளங்காவிட்டாலும் விரல் போன இடம் விளங்கியது. "காத்து எண்டு சொல்லு பிள்ளை" என்றார், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. "மே முப்பது. கடும் காத்து. கடிதத்தைக் குடு."

எல்லாருடைய கண்ணும் றெஜினாவின் வாயில். அவர்கள் தலைக்கு மேல் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"மாஸ்டர், துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் அந்தோனியார். அவரின்ர கொடிக்குக் கீழ நிண்டுகொண்டு, மரம் காத்தோட போச்சு எண்டு என்னைச் சொல்லச் சொல்லுறீங்களோ? நான் சொல்ல மாட்டன்." பிறகு மடாம் றுவாவின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் அங்கே நின்றவர்களுக்குத் தமிழிலும் சத்தமாகச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் கதைத்தாள் என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது.

"அது காற்றில் விழவில்லை. நாங்கள் வெட்டினோம். போன புதன்கிழமை. கூடு கட்டும் காலம் என்று எங்களுக்குத் தெரியும், மூன்று முறை வாசித்திருக்கிறேன். கூட்டில் மூன்று முட்டை இருந்தது. மரம் அதோ நிற்கிறது. தகடு இன்னும் அதில்தான் இருக்கிறது."

மடாம் றுவா கொடிமரத்தை அண்ணாந்து பார்த்தார். அடியில் இருந்து உச்சிவரை பார்த்தார். அந்த மனுசியின் இருபது வருட உத்தியோகத்தில், வெட்டின மரத்தைப் பெயின்ற் அடித்து, ரிபன் சுற்றி, நடுக்காணியில் நட்டு வைத்துவிட்டுத் தன்னை வரவேற்ற ஆட்கள் இவர்கள்தான் முதலாக இருக்க வேண்டும். போய்த் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். பட்டியலில் எழுதினார். படம் எடுத்தார்.

"பொறுப்பாளர் நீங்கள்தானே" என்று கேட்டார்.

"கையெழுத்து என்னுடையது."

"நான் வெட்டினது!" என்று வேலிக் கரையிலிருந்து யோசெப் தமிழில் கத்தினான். "அவவை ஒண்டும் சொல்லாதேங்கோ, வாள் என்ர!" மடாம் றுவாவுக்கு அது விளங்கவில்லை. றெஜினா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கடிதம் இரண்டு கிழமையில் வந்தது. கட்டட அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சபைக்கு அபராதம். வெட்டின ஒன்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மரம் இலையுதிர்காலத்தில் நட வேண்டும். அவை ஒரு குளிர்காலம் பிழைத்த பிறகு, அடுத்த ஜூனில் திரும்பவும் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் மிச்சம். மண்டபம் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது.

பத்திநாதர் அந்தக் கடிதத்தைப் பூசைக்குப் பிறகு வாசித்தார். இந்த முறை சனம் றோல்ஸை வைத்துவிட்டுக் கேட்டது. "ஒராளின்ர வாயால எங்களுக்கு ஹோல் இல்லாமப் போச்சு" என்று முடித்தார். மரம் எப்படிக் கொடிமரமாயிற்று என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த கூட்டத்தில் றெஜினாவுக்குப் பதிலாகப் பத்திநாதரின் மருமகன் செயலாளர். அதே கம்பியூட்டர்ப் பிரெஞ்சு!

ஆனால் பன்னிரண்டு கன்றையும் நட்டவர்கள் இரண்டே பேர். ஒக்டோபரில் ஒரு மழை நாளில், றெஜினாவும் யோசெப்பும். யோசெப் ஒவ்வொரு கன்றுக்கும் துணி கட்டப் போனான். "வேண்டாம், கட்டாதை!" என்று அவள் கத்தின கத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் அவள் மனம் விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஜனவரியில் அல்போன்சம்மா நித்திரையிலேயே போய்விட்டார்.

பங்குக் கோயில் கீழ்மண்டபத்தில் ஹீட்டர் பழுது, மூடிவிட்டார்கள். செயலாளர் வேறு இடம் தேடினாராம், ஒன்றும் அகப்படவில்லையாம். ஆகவே திரும்பவும் மயானத்துக் கார் பார்க். திரும்பவும் பார்சல். மைனஸ் இருபத்திரண்டு, ஆற்றுப் பக்கமிருந்து காதை அறுக்கும் காற்று. பார்சல் கட்டினது யார்? வேறு யார். அறுபது பார்சலை விடியற்காலையில் எழும்பிக் கட்டி, கார் காராகப் போய் றெஜினாதான் கொடுத்தாள். அல்போன்சம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தாள். பார்சல் கட்டும்போது இரண்டு முறை அழுதாள். அன்ரி, உங்கட சாப்பாட்டை ஒரு கூரைக்குக் கீழ குடுக்க என்னால ஏலாமப் போச்சே.

பத்திநாதர் காருக்குள் ஏறவில்லை. அக்காவைப் புதைத்த திசையைப் பார்த்தபடி, கார்களுக்கு நடுவில் வெளியே நின்றார். அவரைச் சுற்றி நிர்வாகத்தார் நாலைந்து பேர். அவர்களில் ஒருவர், எல்லாருக்கும் கேட்கும்படியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஹோல் எண்டு ஒண்டு இருந்திருந்தா, மனுசி இப்பிடிப் போயிருக்குமே…"

அத்தனை தலையும் றெஜினாவின் பக்கம் திரும்பியது. கார் கண்ணாடிகளுக்குள் இருந்தும் பார்த்தார்கள். பத்திநாதரும் பார்த்தார். றெனோல்ட் அவளுடைய கையைப் பிடித்து, வா போவோம் என்று இழுத்தான்.

அவள் கையை உதறினாள். ஏழு மாதம் பொறுத்தாயிற்று. கடைசிப் பார்சலைக் கொண்டுபோய்ப் பத்திநாதரின் கையில் வைத்தாள்.

"என்னை ஏன் பாக்கிறீங்கள் மாஸ்டர்? காத்து, காத்து எண்டு சொன்னீங்களே. இந்தா, இதுதான் காத்து. வடிவாப் பாருங்கோ. அக்காவின்ர சாப்பாட்டை இதுக்குள்ள நிண்டுதான் சாப்பிட வேணும். சாப்பிடுங்கோ."

பத்திநாதர் கையுறையைக் கழற்றி, விறைத்த விரலால் பார்சலைப் பிரித்தார். மூடியைக் காற்றுப் பிடுங்கிக்கொண்டு போனது. அது பனிக்கட்டியில் உரசி உரசி, கார்களைத் தாண்டி, அல்போன்சம்மாவின் புதுக் குழிப் பக்கமாக ஓடியது. அதைப் பிடிக்க ஒருவரும் போகவில்லை. பத்திநாதர் தலையைக் குனிந்துகொண்டு, சோற்றைக் கையால் பொத்திப் பிடித்தபடி, ஒரு வாய் வைத்தார்.